17 வயதில் சம்பளமா, கல்லூரியா? இக்னைட்டுக்குப் போன பையன்களை வைத்துப் பேசுவோம்

ஆறாவது ஆள்:

2025-இல் வந்த இரண்டு அமெரிக்கக் கூடைப்பந்துச் செய்திகளைப் பார்த்த பிறகு இதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. தியரி டார்லான் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்கு ஆட ஒப்புக்கொண்டார், லண்டன் ஜான்சன் லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு. இரண்டு பேருமே தொழில்முறை லீக்கான என்பிஏவின் துணை லீக், ஜி லீக், அதிலிருந்த இக்னைட் அணியில் சம்பளம் வாங்கி ஆடியவர்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் இது நடந்திருக்கவே நடந்திருக்காது. ஒரு முறை சம்பளம் வாங்கிவிட்டால் கல்லூரிக் கதவு சாத்தியது சாத்தியதுதான். அந்த ஒப்பந்தங்களின் உண்மையான விலையே அதுதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005-இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் என்பிஏ ஒரு வயது விதி கொண்டுவந்தது. டிராஃப்ட் (என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) நடக்கும் ஆண்டில் பையனுக்கு 19 வயது ஆகவேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் அவன் வகுப்பு பள்ளி முடித்து ஒரு வருடம் போயிருக்கவேண்டும். கார்னெட், கோபி, லெப்ரான் மாதிரி பள்ளியிலிருந்து நேராகப் போகும் வழி அதோடு அடைபட்டது. அந்த ஒரு வருடத்தை எங்கே கழிப்பது என்பதுதான் இத்தனை வருடச் சண்டை. பெரும்பாலானோர் கல்லூரிக்குப் போனார்கள். பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008-இல் ரோமுக்குப் போனார், எமானுவேல் முடியே 2014-இல் 12 லட்சம் டாலருக்குச் சீனாவின் குவாங்டோங் அணிக்குப் போனார். அப்புறம் என்பிஏவே தன் ஜி லீக்கில் 1,25,000 டாலர் ஒப்பந்தம் ஒன்றை 2018-இல் அறிவித்தது, யாரும் பெரிதாக அசையவில்லை. 2020-இல் இக்னைட் என்று பையன்களுக்காகத் தனி அணியே அமைத்து ஜேலன் கிரீனுக்கு 5 லட்சம் டாலர் வரை கொடுக்கிறோம் என்றபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அட்லாண்டாவில் ஓவர்டைம் எலீட் என்ற தனி லீக், ஆளுக்கு வருடம் குறைந்தது 1 லட்சம் டாலர்.

நான் சொல்ல வருவது இது. இந்தப் பாதை நல்லதா கெட்டதா என்று பேசும்போது எல்லோரும் ஜேலன் கிரீன் (2-ஆவது பிக், அதாவது டிராஃப்டில் 2-ஆவதாக எடுக்கப்பட்டவர்), ஸ்கூட் ஹென்டர்சன் (3-ஆவது பிக்) இவர்களைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் எங்கே ஆடியிருந்தாலும் மேலே போயிருப்பார்கள். பார்க்கவேண்டியது அவர்களுக்குப் பின்னால் நின்ற பையன்களை. 20-இலிருந்து 60 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பிக்கே ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தவர்கள். டேஷன் நிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இக்னைட்டுக்கு மாறினார், 2021 டிராஃப்டில் பெயர் வரவில்லை. மைக்கேல் ஃபாஸ்டர், 2022, அவருக்கும் அதே. ஐசாயா டாட் 31-ஆவது பிக், வாஷிங்டனில் கொஞ்ச ஆட்டங்களோடு நின்றுபோனது. ஜேடன் ஹார்டி அந்த வருடம் பள்ளி முடித்த பையன்களில் முதல் சில இடங்களில் பேசப்பட்டவர், 37-க்கு இறங்கினார். முதல் சுற்று 30 பேருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி, இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. 28-ஆவது ஆளுக்கும் 37-ஆவது ஆளுக்கும் நடுவில் இருப்பது ஒன்பது இடம் இல்லை, வாழ்க்கையே.

இவர்களுக்குக் கொடுத்த பணம் போதுமா என்பதைவிட, விழுந்தால் திரும்பி நடக்க ஒரு வழியை விட்டுவைத்தார்களா என்பதுதான் என் கேள்வி. விடவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

பழைய பாயின்ட் கார்டு:

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கோபப்படவேண்டிய இடம் வேறு. கதவைச் சாத்தியது இக்னைட் இல்லை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ. இக்னைட் செய்தது ஒரு பையனின் உழைப்புக்குக் கூலி கொடுத்தது, அவ்வளவுதான். அதற்குத் தண்டனை மாதிரி நான்கு வருடக் கல்லூரி ஆட்டத்தைப் பறித்தவர்கள் யார்?

2019 பிப்ரவரி, டியூக் கல்லூரி அணியின் ஆட்டம் வட கரோலினாவோடு. கோர்ட் ஓரத்தில் ஒபாமா உட்கார்ந்திருக்கிறார், டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றிருக்கிறது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டியூக்கின் நட்சத்திரம் சயோன் வில்லியம்சன் உடலைத் திருப்பக் காலை ஊன்றுகிறார், இடது ஷூ அடிப்பாகத்திலிருந்து கிழிந்து பாதம் வெளியே வந்துவிட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். அந்த அரங்கில் சம்பளம் வாங்காதவர்கள் ஆடுபவர்கள் மட்டும்தான். கோச் கோடிகளில் வாங்குகிறார், ஷூ கம்பெனி கல்லூரிக்குக் கொடுக்கிறது, மார்ச் மாதப் போட்டித் தொடரின் தொலைக்காட்சி உரிமை 2010-இல் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. முழங்கால் மட்டும் அந்தப் பையனுடையது. அது சுளுக்கோடு போனது அவருடைய அதிர்ஷ்டம், தசைநார் அறுந்திருந்தால்?

அதைப் பார்த்த பிறகு 17 வயதுப் பையனிடம் போய் 5 லட்சத்தை வேண்டாம் என்று சொல் என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா இரண்டு வேலை பார்க்கும் வீட்டில் அந்தப் பணம் என்ன என்பது நமக்குத் தெரியாததா.

ரீபவுண்ட்:

நிக்ஸ் பற்றி ஒன்று. அவர் விட்டுப்போன யுசிஎல்ஏ அதே 2021-இல் மார்ச் தொடரின் முதல் நால்வர் ஆட்டத்திலிருந்து (கடைசி இடங்களுக்கான தகுதிச் சுற்று) கிளம்பி இறுதி நான்கு அணிகளில் ஒன்றாகும் வரைக்கும் போனது. நாடே பார்த்தது. இக்னைட் அந்த வருடம் ஓர்லாண்டோவில் ஆளில்லா அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. இதைத்தான் ஆறாவது ஆள் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன், பணத்தைவிட பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆனால் அதே யுசிஎல்ஏவில் அந்த மார்ச்சில் புள்ளிகளைக் குவித்துப் பெயர் வாங்கிய ஜானி ஜுசாங் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்தார், 2022 டிராஃப்டில் அவர் பெயரும் வரவில்லை. கல்லூரி காப்பாற்றும் என்பதும் முழு உண்மை இல்லை.

டெக்ஸஸ் அப்பா:

வணக்கம். படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் நடப்பதால் எழுதுகிறேன். என் பையன் பத்தாம் வகுப்பு, கோடையில் கிளப் அணியில் ஆடுகிறான். அவன் என்பிஏ அளவுக்கு வருவான் என்று நான் நினைக்கவில்லை, அது வேறு. ஆனால் அவனோடு ஆடும் இன்னொரு பையன் நிஜமாகவே திறமைசாலி, அவன் அப்பா என்னிடம் வந்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். இக்னைட்டில் நல்ல கோச், நல்ல உணவு, என்பிஏ பாணிப் பயிற்சி எல்லாம் இருந்தது என்கிறார்கள். அப்படியிருந்தும் பையன்கள் ஏன் இறங்கினார்கள்? இதை யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆறாவது ஆள்:

டெக்ஸஸ் அப்பா, இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஜி லீக்கில் எதிரே நிற்பவன் 25, 27 வயது ஆள். 2018 சமயத்தில் அவன் சீசன் சம்பளம் சுமார் 35 ஆயிரம் டாலர். இன்று நல்லபடி ஆடினால் நாளைக்கு என்பிஏ அணியிலிருந்து பத்து நாள் ஒப்பந்தம் வரலாம், இல்லையென்றால் அடுத்த வருடம் துருக்கியிலோ பிலிப்பைன்ஸிலோ வேலை தேடவேண்டும். அவன் முன்னால் 5 லட்சம் வாங்கும் 18 வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பார்வையாளர் வரிசையில் எல்லா என்பிஏ அணியின் ஸ்கவுட்டும் (ஆள் தேடுபவரும்) உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் பையனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். அந்த ஆள் என்ன செய்வான்? பையனின் இடுப்பில் கையை வைத்துத் தள்ளுவான், ஒவ்வொரு ஸ்கிரீனிலும் (வழிமறிப்பிலும்) தோளால் மோதுவான், இவனை அடக்கினால் தன் பெயரும் அந்த நோட்டுப் புத்தகத்தில் ஏறும் என்று அவனுக்குத் தெரியும். பையன் கற்றுக்கொள்கிறான், உண்மைதான், ஆனால் கற்றுக்கொள்ளும்போது செய்யும் ஒவ்வொரு தவறும் ஸ்கவுட் கண் முன்னாலேயே நடக்கிறது.

அடுத்தது, கூட ஆடுபவர்கள். கல்லூரியில் ஒரு நல்ல முதலாண்டு ஆட்டக்காரனைச் சுற்றி 21, 22 வயதில் மூன்று பேர் இருப்பார்கள், அவர்களுக்கு டிராஃப்ட் கனவு இல்லாமல் இருக்கலாம், எங்கே நிற்கவேண்டும் எப்போது பந்தைக் கொடுக்கவேண்டும் என்று தெரியும். இக்னைட்டில் நான்கைந்து பையன்களுக்கும் ஒரே வேளையில் தன்னைக் காட்டவேண்டும், பந்து ஒன்றுதான். மூத்த ஆட்டக்காரர்கள் சிலரைச் சேர்த்தார்கள், முதல் சீசனில் அது ஓரளவு வேலை செய்தது. கடைசி சீசன் 2023-24-இல் 34 ஆட்டங்களில் 2 வெற்றி. ஆட்டம் முழுக்கப் பின்தங்கியே ஆடும் அணியில் தடுப்பாட்டம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முடியுமா, ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரியவருமா? ரான் ஹாலண்ட் 5, மட்டாஸ் புசேலிஸ் 11 என்று அதே அணியிலிருந்து போனார்கள். திறமை இல்லாத அணி இல்லை அது, அணியாகவே அமைக்கப்படவில்லை.

மூன்றாவது, யாருக்கு அந்த ஆட்டம் முக்கியம் என்பது. இக்னைட்டுக்கு ஊர் இல்லை. முதல் சீசன் ஆட்டங்கள் ஓர்லாண்டோவில், பிறகு நெவாடாவில் ஹென்டர்சன் என்ற ஊர். அங்கே நிஜமாகவே பெரிதாக நடந்த ஓர் இரவு 2022 அக்டோபரில், விக்டர் வெம்பன்யாமா தன் பிரெஞ்சு அணியோடு வந்தபோது. வெம்பன்யாமா 37 புள்ளி, ஸ்கூட் 28 புள்ளி, 9 அசிஸ்ட். ஒவ்வொரு என்பிஏ அணியும் ஆள் அனுப்பியது. அந்த மாதிரி ஓர் இரவு ஸ்கூட்டுக்குக் கிடைத்தது. பெஞ்சில் இருந்த பையனுக்கு அது கிடைக்கவே இல்லை.

ரீபவுண்ட்:

ஹார்டி பற்றி நியாயத்துக்காக ஒன்று சேர்க்கிறேன். 37-இல் எடுத்தாலும் டாலஸில் நின்று ஆடினார், 2024-இல் அந்த அணியே அவருக்கு நீட்டிப்பு கொடுத்தது. இறங்கியவர்கள் எல்லோரும் காணாமல் போகவில்லை. டைசன் டேனியல்ஸ் இக்னைட்டில்தான் ஆடினார், 8-ஆவது பிக், இன்று அட்லாண்டாவில் லீக்கின் நல்ல தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர்.

கோவை ஹூப்ஸ்:

இக்னைட்டின் முதல் அணியில் நம் நாட்டுப் பையன் ஒருவர் இருந்தார் என்பதை யாரும் சொல்லவில்லையே. பஞ்சாபின் பிரின்ஸ்பால் சிங். டெல்லி பக்கம் என்பிஏ அகாடமி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் கான்பெரா, அங்கிருந்து 2020-இல் இக்னைட். கிரீன், அதே அணியின் இன்னொரு நட்சத்திரம் குமிங்கா இவர்களோடு தினமும் பயிற்சி. ஆட்டத்தில் கிடைத்த நிமிடங்கள் மிகக் குறைவு. அடுத்த கோடையில் என்பிஏவின் சம்மர் லீக்கில் (இளம் ஆட்டக்காரர்களுக்கான கோடைப் போட்டி) சாக்ரமென்டோ அணியில் இருந்தார், அந்த அணி பட்டமும் வென்றது. நான் அந்த நாட்களில் இரவு முழுக்க ஸ்கோர் ஷீட்டைத் திறந்துவைத்து அவர் பெயருக்கு நேராக நிமிடம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்குக் கல்லூரி நல்லதாக இருந்திருக்குமா? எனக்கு இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு உயரமான ஒருவர், இன்னும் வளரவேண்டிய ஆட்டம், நடுத்தரக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் 25 நிமிடம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன். நம் ஊரில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. இங்கே கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ஆடுவோம், நன்றாக ஆடினால் தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி, ஐஓபி என்று வேலை கிடைக்கும், ஆட்டம் முடிந்த பிறகும் அந்த வேலை இருக்கும். அமெரிக்கப் பையனுக்கு ஆட்டம் போனால் அப்படி ஒரு மேசை காத்திருக்காது. அதனால்தான் விழுந்தால் என்ன என்ற ஆறாவது ஆளின் கேள்வி எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய பாயின்ட் கார்டு:

சரி, ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். சம்பளப் பாதை என்று ஒன்று வந்ததால்தான் கல்லூரிகள் பயந்து பணம் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஜேலன் கிரீன் போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

ரீபவுண்ட்:

அதை நான் ஏற்கவில்லை. கால வரிசையைப் பாருங்கள். முன்னாள் யுசிஎல்ஏ ஆட்டக்காரர் எட் ஓபேனன் என்சிஏஏ மேல் வழக்கு தொடுத்தது 2009-இல், வீடியோ கேமில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு. 2017-இல் எஃப்பிஐ வந்து ஷூ கம்பெனிப் பணம் பையன்களின் குடும்பங்களுக்கு மறைவாகப் போவதை வெளியே கொண்டுவந்தது. அதில் மாட்டிய பிரையன் போவன், தனக்கு அந்தப் பணம் பற்றித் தெரியாது என்று சொல்லியும், கல்லூரியில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் சிட்னிக்குப் போனார். கலிஃபோர்னியா 2019 செப்டம்பரிலேயே ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டுவிட்டது, இக்னைட் அறிவிப்பு அதற்கு ஏழு மாதம் கழித்து. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகச் சொன்னது, ஜூலை 1-ஆம் தேதி விளம்பர வருமானத்துக்குக் கதவு திறந்தது. நீதிமன்றமும் சட்டமன்றமும் செய்த வேலை இது. இக்னைட் கொஞ்சம் அழுத்தம் கொடுத்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

விளைவு என்னவென்றால் இக்னைட்டுக்குக் காரணமே இல்லாமல் போனது. கல்லூரியிலேயே பணம், கூட்டம், தொலைக்காட்சி எல்லாம் கிடைக்கும்போது ஹென்டர்சன் ஊருக்கு யார் போவார்கள்? 2024 மார்ச்சில் மூடுகிறோம் என்று என்பிஏவே சொல்லிவிட்டது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கு உடன்பாட்டுக்கு ஒப்புதல் வந்தது, அதன்படி 2025-26-இல் ஒரு கல்லூரி 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பங்கு கொடுக்கலாம் என்று ஆனது, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடிய பையன்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். ரியல் மாட்ரிட் இளைஞர் அணியிலிருந்த யெகோர் டியோமின் பிஒய்யு கல்லூரிக்கு வந்தார், ஒரு வருடம் ஆடினார், 2025-இல் 8-ஆவது பிக்.

ஆறாவது ஆள்:

இதில் நடுவில் மாட்டியவர்கள் பற்றித்தான் எனக்கு வருத்தம். மேட், ரயன் பியூலி, இரட்டையர்கள். ஓவர்டைம் எலீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவர்கள், 2021-இல், விளம்பர வருமானம் இன்னும் அனுமதிக்கப்படாத நாட்களில். பிறகு சிகாகோ ஸ்டேட்டில் சேர்ந்தார்கள். 2023-இல் என்சிஏஏ தகுதி இல்லை என்றது, நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2024 ஜனவரியில் அங்கேயும் இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. அடுத்த வருடமே டார்லானுக்கும் ஜான்சனுக்கும் கதவு திறக்கிறது. அந்த இரட்டையர்கள் செய்த ஒரே குற்றம், இரண்டு வருடம் முன்னதாகக் கல்லூரிக் கதவைத் தட்டியது. அதே ஓவர்டைமிலிருந்து ஆமென், ஆசார் தாம்ப்சன் இரட்டையர்கள் 2023-இல் 4, 5 என்று அடுத்தடுத்துப் போனார்கள், அவர்களைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஓவர்டைமே 2022-இல் பாடம் கற்றுக்கொண்டு, சம்பளம் வேண்டாம் உதவித்தொகை மட்டும் போதும், கல்லூரித் தகுதி இருக்கட்டும் என்று ஒரு வழி வைத்தது. ராப் டில்லிங்ஹாம் அப்படித்தான் அங்கே ஆடிவிட்டு கென்டக்கி போனார். இந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

டெக்ஸஸ் அப்பா:

நன்றி, இவ்வளவு யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆஸ்திரேலியா பற்றி? அந்தப் பையனின் அப்பாவிடம் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கோவை ஹூப்ஸ்:

நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் என்று ஆஸ்திரேலிய லீக்கின் இளைஞர் திட்டம், 2018-இல் தொடங்கியது. லமெலோ பால் 2019-20-இல் இல்லவாரா அணிக்கு 12 ஆட்டம்தான் ஆடினார், காலில் காயம், இருந்தும் 3-ஆவது பிக். அதே சீசனில் நியூசிலாந்து அணிக்குப் போன ஆர்ஜே ஹாம்ப்டன் முதல் சில இடங்களில் பேசப்பட்டு 24-க்குப் போனார். அலெக்ஸ் சார் பெர்த்தில் ஆடி 2024-இல் 2-ஆவது. இக்னைட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், அங்கே அணிக்கு ஊர் இருக்கிறது, ரசிகர்கள் இருக்கிறார்கள், பட்டத்துக்கு ஆடுகிறார்கள். பையனுக்கு நிமிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று கோச்சுக்குக் கட்டாயம் இல்லை. ஆடத் தெரிந்தால் நிமிடம். ஜென்னிங்ஸ் ரோமில் உட்கார்ந்திருந்தது அதனால்தான், ஆட்டத்துக்கு ஐந்தரைப் புள்ளி, ஆனால் அடுத்த நவம்பரில் மில்வாக்கிக்காக ஒரே ஆட்டத்தில் 55 போட்டார். உட்கார்ந்திருந்த வருடம் வீணா என்று கேட்டால் அவரிடம்தான் கேட்கவேண்டும்.

பழைய பாயின்ட் கார்டு:

டெக்ஸஸ் அப்பா, அந்தக் குடும்பத்துக்கு என் பக்கமிருந்து ஒன்று சொல்லுங்கள். எங்கே போனாலும் பணத்தைக் கண்டு பயப்படவேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட்டை மட்டும் நம்பாமல், விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த வக்கீல் ஒருவரைத் தனியாகக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயம் பட்டால் சம்பளம் தொடருமா, அணி நடுவில் மூடினால் மீதிப் பணம் யார் கொடுப்பது, படிப்புச் செலவு எத்தனை வருடத்துக்கு, எப்போதிலிருந்து எப்போது வரைக்கும், இதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும்.

ஆறாவது ஆள்:

இதோடு இரண்டு சேர்க்கிறேன். போன மூன்று வருடத்தில் அந்த அணிக்கோ கல்லூரிக்கோ போன பையன்களில் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, நான்காவது ஐந்தாவது ஆளாக இருந்தவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள், இணையத்தில் அரை மணி நேர வேலை. அப்புறம் இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கல்லூரித் தகுதி இருக்குமா என்பதை என்சிஏஏவிடமே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விதி வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருக்கிறது. டார்லானுக்குக் கிடைத்தது என்பதற்காக அடுத்தவனுக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

டெக்ஸஸ் அப்பா:

சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அவரை அங்கே பார்ப்பேன். இந்த இழையை அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறேன். வக்கீல் விஷயத்தை முதலில் சொல்வேன்.